கோப்புக்கும் கைரேகை உண்டு!

நீதிமன்றத்தில் ஒரு கைப்பேசிப் படத்தைச் சான்றாகக் காட்டுகிறார்கள். இடையில் யாரும் அதைத் திருத்தவில்லை என்பதை எவ்வாறு அறிவது?

கணிப்பொறிக் கோப்பு என்பது எண்களின் வரிசையே. எஸ்.எச்.ஏ.-256 என்னும் கணக்கு முறையில் அதைச் செலுத்தினால், கோப்பு சிறிதோ பெரிதோ, 256 பிட்டுகள் கொண்ட ஒரு விடை கிடைக்கும். இதுவே 'ஹாஷ்' மதிப்பு. படத்தில் ஒரே ஒரு புள்ளியின் நிறம் மாறினாலும் விடை முற்றிலும் மாறிவிடும்.

2024 ஜூலை 1இல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின்படி, மின்னணுச் சான்றுக்கான சான்றிதழில் இம்மதிப்பையும் குறிக்க வேண்டும். அன்று குறித்ததும் இன்று கணக்கிட்டதும் ஒத்திருந்தால், கோப்பு மாறவில்லை எனலாம்.

ஆனால், மதிப்பைக் குறிக்கும் முன்பே படத்தைத் திருத்தியிருந்தால்? ஹாஷ் அதைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே, கைப்பற்றியவுடனே மதிப்பைக் குறிப்பது இன்றியமையாதது. தாமதித்தால் குற்றமற்றவர் சிறை செல்லவும் நேரலாம் அல்லவா?