குடும்பப் பதிவேட்டைக் கணனியில் அமைத்தல்: ஆரம்பப் பாடம்

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று தன் விபரங்களை எத்தனை தடவை எழுதிக் கொடுத்திருக்கும்? முகாமில் ஒன்று, கிராம அலுவலரிடம் ஒன்று, ஏன், நம்மிடமும் ஒன்று. கேட்டவர் மாற்றலாகிப் போனால் பட்டியலும் அவரோடு போய்விடுகிறது. உங்கள் சங்கமே தன் பதிவேட்டைத் தன் கையில் வைத்திருக்க முடியும்.

நாம் இருக்கும் இந்தக் கொழும்பிலேயே அதற்கு உதாரணம் உண்டு. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவதற்கு இங்குள்ள கணனித் தொண்டர்கள் 'சஹானா' என்ற மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். அதற்கு அடித்தளம் மைஎஸ்கியூஎல் என்ற திறந்தமூலத் தரவுத்தளம். அதாவது, அதன் மூலநிரலை எவரும் பார்க்கலாம், திருத்தலாம், விலையும் இல்லை. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் சஹானா பயன்பட்டது.

மைஎஸ்கியூஎல்லிலிருந்து 2009இல் கிளைத்தது மரியாடிபி. உபுண்டு லினக்ஸ் உள்ள பழைய கணனியே இதற்குப் போதும். ஒருமுறை இணையத்தோடு இணைத்து, ஒரே வரிக் கட்டளையால் நிறுவலாம். நிறுவியபின் திரையில் புதிதாக எதுவும் தோன்றாது. பழுதென்று எண்ணி மறுபடி நிறுவ வேண்டாம். அது பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்து, அதனுடன் வரும் பாதுகாப்புக் கட்டளையை ஓட்டுங்கள். பெயரற்ற பயனாளர்களை நீக்கவா, வெளிக் கணனியிலிருந்து தலைமைப் பயனாளர் நுழைவதைத் தடுக்கவா என்று அது கேட்கும். இரண்டிற்கும் ஆம் என்று சொல்லுங்கள்.

தரவுத்தளத்தை உருவாக்கும்போதே எழுத்துமுறையை 'யுடிஎப்8எம்பி4' என்று குறிப்பிடுவது அவசியம். பழைய அமைப்புகளில் இதை மறந்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். பின்னர் மீட்க வழியில்லை. நாமும் ஒருமுறை ஒரு பின்னேரம் முழுவதும் பதிந்து, கேள்விக்குறிகளையே அறுவடை செய்தோம்.

ஆனால் கணனியைத் தொடுமுன் கொப்பியில் வரைந்து பாருங்கள். குடும்பத்திற்கு ஓர் அட்டவணை, காணிக்கு இன்னொன்று. ஒரே குடும்பத்திற்கு வயலும் தோட்டமும் இருக்கலாம் அல்லவா? குடும்ப இலக்கம் இரண்டையும் இணைக்கும். சிலர் பரப்பில் சொல்வார்கள், சிலர் ஏக்கரில். ஆகவே அளவுக்கு ஒரு நிரல், அலகுக்கு ஒரு நிரல். உறுதி இலக்கம் தொலைந்திருந்தால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள்; ஊகித்து எழுத வேண்டாம்.

பெயரும் காணியும் சேர்ந்த பட்டியல் தவறான கையில் சிக்கினால் ஆபத்து. கடவுச்சொல் எந்த இருவரிடம் இருக்கும் என்பதைச் சங்கக் கூட்டத்தில் தீர்மானியுங்கள். வாரம் ஒருமுறை பிரதி எடுத்து வேறொரு வீட்டில் பூட்டி வையுங்கள். அந்தப் பிரதியை இன்னொரு கணனியில் ஒருதடவை திறந்தும் பார்த்துவிடுங்கள்.