கிட் அவ்வளவு எளிதில் மறப்பதில்லை

மென்பொருள் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் ஆட், கமிட், புஷ், புல் என்று ஐந்தாறு கட்டளைகளை மனப்பாடம் செய்துகொண்டு, நிரலின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் என்ற கருவியைப் பயன்படுத்தத் தொடங்குகிறார்கள். ஒருநாள் திரையில் புரியாத செய்தி வந்ததும் பதறிப்போய், ஃபோல்டரையே அழித்துவிட்டு மறுபடி குளோன் செய்கிறார்கள். இன்னும் பத்துக் கட்டளைகள் தெரிந்திருந்தாலும் இந்தப் பயம் போயிருக்காது. உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பற்றிய தவறான எண்ணங்கள்தான் பயத்தின் வேர்.

நம்பிக்கை: கிட்டும் கிட்ஹப்பும் ஒன்றுதான்.

இல்லை. லினக்ஸ் கெர்னல் குழு அதே வேலைக்குப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற மென்பொருளின் இலவச உரிமம் விலக்கிக்கொள்ளப்பட்டதால், லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் அவசரமாக எழுதத் தொடங்கிய மென்பொருள் கிட். சில மாதங்களிலேயே அதன் பராமரிப்பு ஜூனியோ ஹமானோவிடம் போனது. கிட்ஹப் 2008இல் வந்த இணையச் சேவை. 2018 முதல் மைக்ரோசாஃப்ட்டுக்குச் சொந்தம். இணைய இணைப்பே இல்லாமல் கமிட் செய்யலாம், பிராஞ்ச் பிரிக்கலாம், முழு வரலாற்றையும் புரட்டலாம். ஆனால் புஷ் செய்யாதவரை அந்த வேலை உங்கள் மடிக்கணினியில் மட்டும்தான் இருக்கிறது. கமிட் செய்துவிட்டோம், பத்திரமாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்க முடியாது.

நம்பிக்கை: ஒவ்வொரு கமிட்டும் மாறிய வரிகளை மட்டும் சேமிக்கிறது.

மற்ற குழப்பங்கள் பெரும்பாலும் இதிலிருந்துதான் பிறக்கின்றன. இப்படி நினைப்பதற்கு நியாயமும் உண்டு. பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் 1972இல் உருவாக்கிய எஸ்.சி.சி.எஸ்., பத்தாண்டு கழித்து வால்டர் டிச்சி எழுதிய ஆர்.சி.எஸ். ஆகிய முன்னோடிக் கருவிகள் இரண்டும் மாற்றங்களைத்தான் சேமித்தன. கிட்டும் ஒரு கமிட்டைக் காட்டச் சொன்னால் சிவப்பும் பச்சையுமாக மாறிய வரிகளைத்தான் காட்டுகிறது.

கிட் சேமிப்பதோ அந்த நேரத்தில் திட்டம் முழுவதும் இருந்த நிலை. ஒரு கோப்பின் உள்ளடக்கம் ஒரு 'பிளாப்' ஆகிறது. அந்த உள்ளடக்கத்தைக் கொண்டே எஸ்.ஹெச்.ஏ-1 என்ற முறையில் 40 குறிகள் கொண்ட பெயர் கணக்கிடப்படுகிறது. உள்ளடக்கம் ஒன்றானால் பெயரும் ஒன்றே. எந்த நாட்டில், எந்தக் கணினியில் வைத்தாலும் காலிக் கோப்பின் பிளாப் ஒரே பெயரைத்தான் பெறும். ஃபோல்டர் ஒன்று 'ட்ரீ' ஆகிறது: எந்தக் கோப்புக்கு எந்த பிளாப் என்ற பட்டியல் அது. கமிட்டில் இருப்பவை உச்சியிலுள்ள ட்ரீயின் பெயர், முந்தைய கமிட்டின் பெயர், யார், எப்போது, ஏன் என்ற குறிப்பு. அவ்வளவுதான்.

ஆயிரம் கோப்புகளில் ஒன்றை மட்டும் மாற்றினால்? ஒரு புதிய பிளாப், அதற்கு மேலுள்ள ஃபோல்டர்களுக்குப் புதிய ட்ரீக்கள், ஒரு கமிட். மற்ற 999 கோப்புகளுக்கும் பழைய பிளாப்களே போதும். நாம் பார்க்கும் வித்தியாசங்கள், கேட்ட நொடியில் இரண்டு நிலைகளை ஒப்பிட்டுக் கணக்கிடப்படுபவை. வட்டில் இடம் மிச்சமாக, கிட் பின்னர் பிளாப்களை வித்தியாசங்களாகச் சுருக்கி அடுக்குவது உண்மைதான். அது சேமிப்பு உத்தி மட்டுமே.

இது பிடிபட்டுவிட்டால், பிராஞ்ச் என்பது முழுப் பிரதி என்ற எண்ணமும் தானே விலகும். பிராஞ்ச் ஒரு சுட்டி. புதிதாகப் பிரித்த பிராஞ்சை வட்டில் தேடிப் பார்த்தால் 41 பைட் கொண்ட ஒரு கோப்புதான் கிடைக்கும்: கமிட்டின் 40 குறிப் பெயரும் ஒரு வரிமுறிவும்.

நம்பிக்கை: ரீசெட்டோ ரீபேஸோ தவறாகச் செய்துவிட்டால் கமிட் தொலைந்தது.

கமிட்டின் பெயர் அதன் உள்ளடக்கத்திலிருந்து வருவதால் எந்தக் கமிட்டையும் திருத்த முடியாது. 'அமெண்ட்' கூட வேறொரு கமிட்டை உருவாக்கிச் சுட்டியை அதன்மேல் நகர்த்துகிறது. பழையது அப்படியே கிடக்கிறது. ரெஃப்லாக் என்ற கட்டளையை அடித்துப் பாருங்கள். சுட்டி அண்மையில் நின்ற இடங்கள் வரிசையாக வரும். இப்படி விடுபட்ட கமிட்டுகளின் பதிவு, அமைப்பை நீங்கள் மாற்றாதவரை, குறைந்தது 30 நாள் இருக்கும். பழைய பெயரைப் பிடித்து ஒரு பிராஞ்ச் போட்டால் வேலை திரும்பிவிடும். கமிட் செய்யாமல் 'ஆட்' மட்டும் செய்திருந்தால்கூட பிளாப் உருவாகியிருக்கும். சற்றுத் தேடி எடுக்கலாம். ஆட் கூடச் செய்யாத வரிகளை ஹார்ட் ரீசெட் அழித்தால் மட்டும் கிட்டால் உதவ முடியாது. அதனால்தான் சின்னச் சின்னதாக, அடிக்கடி கமிட் செய்யுங்கள் என்று புதியவர்களிடம் வற்புறுத்துகிறேன்.

இரண்டு பிராஞ்சுகளை இணைக்கும் மெர்ஜில் மோதல் வராவிட்டால் எல்லாம் சரி என்று நம்புவதும் தவறு. கிட் ஒப்பிடுவது வரிகளை. பொருள் அதற்குத் தெரியாது. ஒருவர் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றுகிறார், இன்னொருவர் வேறொரு கோப்பில் பழைய பெயரையே அழைக்கிறார். மெர்ஜ் சத்தமில்லாமல் முடியும், நிரல் உடையும்.

நம்பிக்கை: தவறிப்போய் உள்ளே போன கடவுச்சொல்லை அடுத்த கமிட்டில் நீக்கிவிட்டால் போதும்.

உண்மையிலேயே ஆபத்தான நம்பிக்கை இது. முந்தைய கமிட்டின் பிளாபில் அந்தக் கடவுச்சொல் அப்படியே இருக்கிறது. வரலாற்றைப் புரட்டும் யாரும் படிக்கலாம். ஃபில்டர்-ரெப்போ போன்ற கருவியால் வரலாற்றையே திருப்பி எழுதலாம். ஆனால் அதற்குள் குளோன் செய்தவர்களின் கணினிகளில் பழைய வரலாறு முழுதாக இருக்கும். ஆகவே முதலில் செய்யவேண்டியது அந்தச் சேவையில் கடவுச்சொல்லை மாற்றுவது. வரலாற்றைச் சுத்தம் செய்வதெல்லாம் அதற்கு அப்புறம்.