வாயில்லா ஜீவனின் ஹக்கு

 

பூனை வளர்ப்பது, தொட்டியில் செடி வைப்பது, கூடியிருந்து உண்பது இவையெல்லாம் அற்ப விஷயங்களென்று நாம் எண்ணிவிடுகிறோம். இவற்றிற்கும் மார்க்கத்தில் பாடம் உண்டு. நாம் தவறிய இடத்தைச் சொல்லியே அதை விளக்குகிறோம்.

சூலியா தெருவில் முன்பு கீழே கடை, மேலே குடித்தனம், நடுவே வெளிச்சம் இறங்கும் முற்றம் என்றிருந்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997 இல் ரத்தாகி, 2000 முதல் வாடகை ஏறவே, அநேகர் அடுக்குமாடி வீடுகளுக்குப் போயினர். நாமும் போனோம். அரிசி மூட்டைகளை எலியிடமிருந்து காக்கும் பூனை மட்டும் கடையிலேயே தங்கிற்று.

ஒரு பெருநாளைக்கு இரண்டு நாள் கடையடைத்தோம். பூட்டுகளையெல்லாம் இழுத்துப் பார்த்தோம். சரக்கறைக்குள் பூனை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. மூன்றாம் நாள் திறந்தபோது அது மூட்டைச் சந்தில் சுருண்டு கிடந்தது. கத்தவும் சக்தியில்லை. நம் இளைய மகள் விரலால் தண்ணீர் தொட்டு வைத்தாள். அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்தது. “அத்தா, அது பட்டினி கிடந்தபோது நாம் பிரியாணி சாப்பிட்டோமே?” என்றாள். நம்மிடம் பதிலில்லை.

பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடாமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் வேதனைக்கு ஆளானாள் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தது புகாரி, முஸ்லிம் இரு கிரந்தங்களிலும் உள்ளது. மதரஸாவில் நாம் ஓதியதுதான். ஆனால் பூட்டுப் போடும்போது அது நம் நினைவில் இல்லை.

முதற் பாடம்: பூனை நஜீஸ் அன்று. அபூ கதாதா (ரலி) அவர்கள் ஒளூவுக்கு வைத்த நீரைப் பூனை குடிக்கப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் அந்த நீர் சுத்தமே. ஹனஃபி மத்ஹபில் வேறு நீர் இருக்கையில் அதை உபயோகிப்பது மக்ரூஹ்.

இரண்டாம் பாடம்: முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ பிராணியோ உண்டால் அது நட்டவருக்கு ஸதகாவாகும். மண் இல்லாத மாடி வீட்டிலும் பழைய எண்ணெய் டின்னில் கறிவேப்பிலை, மிளகாய், வெண்டை வரும். அரிசி கழுவிய நீரே போதும். ஆனால் தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரை வாரந்தவறாமல் கொட்டிவிட வேண்டும். டெங்குக் கொசு ஒரு வாரத்திற்குள்ளாகவே அதில் வளர்ந்துவிடும்.

மூன்றாம் பாடம்: இருவர் உணவு மூவருக்குப் போதும் என்பது ஹதீஸ். ஒரே தட்டில் உண்ணும் நம் ஸஹன் வழக்கத்தின் பரகத் இதுவே. அந்தக் கணக்கில் வாயில்லா ஜீவனையும் சேர்ப்போம். கறிச்சோற்றில் மீந்ததை வைத்தால் ஆகாது. வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். மசாலா சேர்க்குமுன் முள் நீக்கிய அவித்த மீன் கொஞ்சம் எடுத்து வைத்தால் போதும்.

பிஸ்மில்லா சொல்லிக் கடை திறக்கிறோம். அடைக்கும்போதும் ஒரு முறைமை வைத்துக்கொள்வோம்: சரக்கறையைப் பார்ப்பது, தண்ணீர் வைப்பது, பிறகே பூட்டுவது. இரண்டு நாள் கடையடைப்பென்றால், வந்து பார்க்க ஓர் ஆளையும் ஏற்பாடு செய்வது. இப்போது நம் கடைச் சாவி மகளின் கையில். அவள் பார்த்துச் சொன்ன பின்புதான் பூட்டு விழுகிறது.

அல்லாஹ் நம் ரிஜ்க்கில் பரகத் செய்வானாக! ஆமீன்.