மணமும் முளையும்

ஓமத்தின் மணத்தை அறியாதவர் நம்மில் எவருமிலர். அந்த மணமே ஒரு விதையை முளைக்கவிடாமல் தடுக்கவல்லது என்றால் வியப்பாக இல்லையா? இதனை எங்கள் ஆய்வுக்கூடத்திலேயே சோதித்துப் பார்க்க முற்பட்டேன்.

ஓமத்தை நீராவியில் வாலை வடித்தால் எளிதில் ஆவியாகும் எண்ணெய் கிடைக்கிறது. அதில் தைமால், பாரா-சைமீன், காமா-டெர்பினீன் ஆகிய மூன்றும் முதன்மையானவை. இவற்றுள் தைமால் பினால் வகையைச் சார்ந்தது. செல் சவ்வைச் சிதைக்கும் ஆற்றல் உடையது. துளசியில் யூஜினாலும், யூகலிப்டசில் சினியோலும் இருப்பதை வேதியியல் மாணவர் அறிவர்.

நனைத்த வடிதாளில் 25 பச்சைப்பயறுகளைப் பரப்பி, ஓம எண்ணெயைச் சில துளிகள் விட்டேன். மூன்று நாட்களாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. “ஓம எண்ணெய் விதைகளைக் கொன்றது” என்று குறிப்பேட்டில் எழிதி முடித்துப் பெருமையுடன் பேராசிரியரிடம் நீட்டினேன்.

“தம்பி, நல்லெண்ணெய் விட்டிருந்தால் முளைத்திருக்குமா? பார்த்தாயா?” என்றார் அவர். நான் வாயடைத்து நின்றேன்.

மீண்டும் மூன்று கிண்ணங்கள் வைத்தேன். முதலாவதில் நீர் மட்டும்; இரண்டாவதில் நீருடன் நல்லெண்ணெய்; மூன்றாவதில் ஓம எண்ணெய் தோய்த்த பஞ்சை விதைகளில் படாதவாறு மூடியின் உட்புறம் ஒட்டினேன். முதலிரண்டிலும் முளைகள் வந்தன. மூன்றாவதில் விதைகள் நீருறிஞ்சிப் பருத்தன. ஆனால் முளைவேர் வெளிவரவில்லை. அவற்றைத் தூய கிண்ணத்திற்கு மாற்றியபோது சில முளைத்தன; மற்றவை அழுகின. ஆகவே ஆவியே போதுமானது. அது எல்லா விதைகளையும் கொல்வதுமில்லை. குறிப்பேட்டில் “கொன்றது” என்பதை அடித்துவிட்டுத் “தடுத்தது” என்று எழுதினேன்.

இத்தகைய அவசர முடிவு மாணவர்க்கு மட்டுமே உரியதன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சால்வியா லூக்கோபில்லா என்னும் நறுமணப் புதரைச் சுற்றிப் புல் முளைக்காத வெற்றுநிலம் காணப்படும். புதரின் சினியோலும் கற்பூரமுமே இதற்குக் காரணம் என்று முல்லர் குழுவினர் 1964இல் எழுதினர். 1970இல் பார்தாலமியூ அந்த வெற்றுநிலத்தில் கம்பிவலைக் கூண்டுகளை அமைத்தார். கூண்டுக்குள் செடிகள் வளர்ந்தன! புதரில் ஒளிந்து வாழும் சிறு விலங்குகள் மேய்ந்ததே வெற்றுநிலத்திற்குப் பெருங்காரணம் என்பது புலனாயிற்று. மூடிய கிண்ணத்தில் ஆவி செறிந்து நிற்கும். திறந்த வெளியிலோ காற்றில் கலைந்துவிடும் என்பதையும் நாம் மறத்தலாகாது.

எனினும் மூடிய இடத்தில் இம்மணம் பயன்படவே செய்கிறது. சதகுப்பை எண்ணெயிலுள்ள கார்வோன், கிடங்கிலிட்ட உருளைக்கிழங்கு முளைவிடாமல் தடுக்க நெதர்லாந்தில் பயன்பட்டது.

நண்பர்களே, சோதனைக் கிண்ணம் ஒன்று வைக்கும்போது அதனருகில் ஒப்புநோக்குக் கிண்ணம் ஒன்றையும் வையுங்கள். ஓமம் எனக்குக் கற்பித்த பாடம் இதுவே.