பாடம் 9: குறிகள் பொருந்தும் நேரம்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் மலைப்பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அப்பாதையில் ஏறும் மகிழுந்தின் எஞ்சின் இடைவழியில் நின்றுவிட்டால், பிரேக்குக்கு எஞ்சின் அளிக்கும் துணைவிசையும் விரைவில் அற்றுப்போகும். எஞ்சின் நிற்பதற்குரிய காரணங்களுள் ஒன்று, உள்ளே மறைந்து சுழலும் பற்களுடைய ரப்பர்ப் பட்டை அறுந்துபோவதாகும். அப்பட்டையே டைமிங் பெல்ட் எனப்படும்.

1876ஆம் ஆண்டில் ஜெர்மானியரான நிக்கோலஸ் ஆட்டோ உருவாக்கிய நான்கு வீச்சு எஞ்சினின் முறையே இன்றைய பெட்ரோல் மகிழுந்துகளுக்கும் அடிப்படை. உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றல் என்னும் நான்கு வீச்சுகளும் நிறைவுற, பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் ஷாஃப்ட் இருமுறை சுழலவேண்டும். அதே வேளையில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒருமுறை மட்டுமே சுழலவேண்டும். ஆதலால் கேமின் பல்சக்கரத்தில் கிராங்கின் பல்சக்கரத்தைப் போல் இருமடங்கு பற்கள் உள்ளன. இவ்விரண்டையும் இணைப்பது டைமிங் பெல்ட். 1983 டிசம்பர் 14 அன்று முதன்முதலாக உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்ட மாருதி 800 மகிழுந்தின் 796 சி.சி. எஞ்சினிலும் இத்தகைய பெல்ட் இருந்தது.

கரமனையில் உள்ள ஒரு பட்டறையில் பழைய மாருதி 800 ஒன்றுக்குப் பெல்ட் மாற்றும் பணி நடைபெற்றது. அப்பணி, மார்த்தாண்டத்திலிருந்து தொழில் கற்க வந்த இளைஞனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவன் பேட்டரி இணைப்பைக் கழற்றினான். எஞ்சின் எளிதில் சுழலும்பொருட்டு ஸ்பார்க் பிளக்குகளையும் அகற்றினான். பின்னர் கிராங்கைக் கையால் சுழற்றி, இரு பல்சக்கரங்களிலும் உள்ள குறிகளை எஞ்சினின் உடலில் உள்ள குறிகளுக்கு நேராக நிறுத்தினான். பழைய பெல்ட்டை நீக்கிப் புதியதைப் பூட்டி, டென்ஷனர் உருளையையும் இறுக்கினான். குறிகள் பொருந்தியே இருந்தன. அவன் மூடியை எடுத்தான்.

"பொறு, இன்னும் வேலை முடியவில்லை. கிராங்கை இரண்டு சுற்று சுழற்றிப் பார்," என்றார் பட்டறையின் ஆசான்.

"குறிகள் சரியாகத்தானே நிற்கின்றன, ஆசானே?"

"நிற்கும்போது சரியாக இருப்பது போதாது. ஓடியபின்னும் சரியாக வந்து நிற்கவேண்டும்."

இளைஞன், எஞ்சின் வழக்கமாகச் சுழலும் திசையிலேயே, மெதுவாக இரண்டு சுற்று சுழற்றினான். கிராங்கின் குறி தன் இடத்திற்கு வந்தது. கேமின் குறியோ ஒரு பல் தள்ளி நின்றது. டென்ஷனருக்கு எதிர்ப்பக்கத்தில் பெல்ட் சற்றே தொய்வாக இருந்ததை அவன் கவனிக்கவில்லை. சுழற்றியபோது அத்தொய்வு டென்ஷனர் பக்கம் நகர, பிழை வெளிப்பட்டது.

ஒரு பல் என்பது சிறிய அளவன்று. கிராங்கின் பல்சக்கரத்தில் 20 பற்கள் இருப்பின், ஒரு பல்லின் பிழை 18 பாகை ஆகும். வால்வுகள் காலம் தவறித் திறப்பதால் ஆற்றல் குறையும், எரிபொருள் வீணாகும். பிழை மிகுந்தால், பல வகை எஞ்சின்களில் பிஸ்டன் வால்வின் மீது மோதி அதனை வளைத்துவிடும். கையால் சுழற்றும்போது தடை தோன்றினால் உடனே நிறுத்தவேண்டும் என்பதும் இதனாலேயே.

இளைஞன் பெல்ட்டைக் கழற்றினான். கிராங்கிலிருந்து தொடங்கி, எதிர்ப்பக்கம் தொய்வின்றி இருக்குமாறு மீண்டும் பூட்டினான். இரண்டு சுற்றுக்குப்பின் இரு குறிகளும் பொருந்தின. மேலும் இரண்டு சுற்று சுழற்றினான், அப்போதும் பொருந்தின. அதன்பின்னரே மூடியை மாட்டினான்.

மூடிய பெல்ட்டை வண்டியின் உரிமையாளர் காண்பதில்லை. அதன் செம்மையை அறிந்தவன் அதனைப் பூட்டியவன் ஒருவனே. ஆயினும் அவ்வண்டியில் பயணம் செய்வோர் அனைவரும் அவனையே நம்பியிருக்கின்றனர்.

அருஞ்சொற்பொருள்
வீச்சு – பிஸ்டன் ஒருமுறை மேலோ கீழோ செல்லுதல்
தொய்வு – தளர்ச்சி
பாகை – கோணத்தின் அலகு

வினாக்கள்
1. கேமின் பல்சக்கரத்தில் இருமடங்கு பற்கள் இருப்பது ஏன்?
2. இளைஞன் செய்த பிழை எவ்வாறு வெளிப்பட்டது?
3. கிராங்கின் பல்சக்கரத்தில் 24 பற்கள் இருப்பின், ஒரு பல்லின் பிழை எத்தனை பாகை?
4. 'பிறர் காணாத வேலையிலும் நேர்மை' என்னும் பொருளில் ஐந்து தொடர்கள் எழுதுக.