மண்ணுக்குள் இருக்கும் கல்

அம்பிட்டியப் பக்கம் அத்திவாரம் வெட்டும்போது சில இடங்களில் அலவாங்கு ‘ணங்’ என்று மோதும். மண்ணை விலக்கினால் உருண்டையாய் ஒரு பாறாங்கல். “இதை யாரு கொண்டாந்து புதைச்சது?” என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

பெரும்பாலும் யாரும் கொண்டுவரவில்லை. அது அங்கேயே உருவானது. கண்டி மலைப் பாறை சுமார் 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறியது. மேலே வந்த பிறகு வெடிப்புகளில் மழைத்தண்ணீர் இறங்கி, வெங்காயத் தோல் உரிவதுபோல் சுற்றிச்சுற்றி உளுத்து மண்ணாகியது. அந்த மண்ணில்தான் நமது தேயிலை வேர்பிடித்து நிற்கிறது. உளுக்காமல் மிஞ்சிய நடுப்பகுதிதான் அந்தக் கல்.

மலைநாட்டில் உள்ள ‘சார்னோகைட்’ என்னும் கருங்கல், சென்னைக்கு அருகே பல்லாவரத்திலும் உண்டு. கல்கத்தாவில் ஜோப் சார்னோக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக்கல் இந்த வகை. அதனால் அந்தப் பெயர். இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்த காலம் ஒன்று இருந்தது. நம்ம முன்னோர் விட்டு வந்த கல்லும் இங்கே கண்ட கல்லும் ஒரே இனம்!

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில், 1999இல் எல்ப் ஆற்றை ஆழமாக்கும்போது 217 தொன் பாறை ஒன்று அகப்பட்டது. பனிக்காலத்தில் பனிப்பாளம் சுவீடனிலிருந்து இழுத்து வந்த கல் அது. உடைத்து எறியாமல் ஆற்றங்கரையில் வைத்து, ‘பழைய சுவீடன்காரர்’ என்று பெயரும் சூட்டினார்கள். இன்று ஊருக்கே அது ஓர் அடையாளம்.

நாமும் சிறிய கல் கிடைத்தால் பள்ளிக்கூட வாசலில் வைத்து, பிள்ளைகளுக்கு அதன் வயதைச் சொல்லலாம்.

ஆனால் சரிவில் கிடக்கும் பெரிய கல் வேறு விஷயம். அதன் அடிமண்ணைத் தோண்டவே கூடாது, மழையில் உருண்டுவிடும். மண்ணும் கல்லும் தாறுமாறாகக் கலந்திருந்தால், அது பழைய மண்சரிவு இடமாகவும் இருக்கலாம். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தை லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்க முடியுமா? அப்படிப்பட்ட இடத்தில் வீடு கட்டுமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைக் கிராம உத்தியோகத்தர் மூலம் கேளுங்கள். நிலத்தில் புது வெடிப்போ கலங்கல் ஊற்றோ கண்டால் உடனே வெளியேறி, 117க்கு அறிவியுங்கள்.

பிள்ளைகளே, உங்கள் தோட்டத்துக் கற்களில் எது அங்கேயே உருவானது, எது உருண்டு வந்தது? பெரியவர்களோடு சேர்ந்து பாருங்கள்.