நாடக மேடைக்குப் பழைய ஆர்மோனியம்: கால் பெட்டியும் கைப்பெட்டியும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் வானம் பார்த்த ஊர்களில், மாசியில் தொடங்கி ஆடி வரை நீளும் திருவிழாக் காலத்தில், இரவு பத்து மணியளவில் திரை விலகி விடியும் வரை நடக்கும் ஸ்பெஷல் நாடகம் இன்றும் ஆர்மோனியத்தை நம்பியே நிற்கிறது. நிலையான குழு என்று எதுவும் இல்லாமல், ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் முதலிய நடிகர்களையும் பக்கவாத்தியக்காரர்களையும் தனித்தனியே பேசி அமர்த்தி, ஒத்திகையின்றி ஓரிரவுக்கு மேடையேற்றும் முறைக்கே ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் இம்முறையிலேயே நூறாண்டுக்கு மேலாக ஆடப்பட்டு வருகின்றன. ஆர்மோனியக்காரர் இந்த மேடையில் பின்பாட்டும் பாடுகிறார், சுருதியும் கொடுக்கிறார், முன்பின் பார்த்திராத இரண்டு நடிகர்களின் குரல்களை ஒரே பாட்டில் இணைத்தும் வைக்கிறார். ஆகவே அவருக்குரிய பெட்டியைத் தேர்ந்தெடுப்பது வீட்டில் பஜனை பாடப் பெட்டி வாங்குவதிலிருந்து பெரிதும் வேறுபட்ட காரியமாகும்.

ஆர்மோனியத்தின் ஒலி பித்தளை நாக்குகளிலிருந்து பிறக்கிறது. பித்தளைத் தகடு ஒன்றில் நீளவாக்கில் வெட்டிய பிளவின்மேல், ஒரு முனை மட்டும் தறைந்து மறுமுனை விடப்பட்ட மெல்லிய பித்தளைப் பட்டை, காற்று அப்பிளவின் வழியே செல்லும்போது அதிர்ந்து ஒலிக்கிறது. தகடும் நாக்கும் சேர்ந்ததையே பெட்டிக்காரர்கள் ரீடு என்கின்றனர். ரீடுகள் பொருத்தப்பட்ட பலகை ரீடு போர்டு எனப்படும். காற்றைத் தருவது துருத்தி; அக்காற்றைச் சேமித்துச் சீராக விடுவது உள்துருத்தி. பாரிசில் அலெக்சாந்தர் தெபேன் 1840களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற இக்கருவி, மேசை போன்ற உடலும் காலால் மிதிக்கும் துருத்தியும் கொண்டதாகவே இந்தியாவுக்கு வந்தது. கல்கத்தாவில் 1875இல் துவார்க்கின் நிறுவனத்தைத் தொடங்கிய துவாரகாநாத் கோஷ் முதலியோர் அதைத் தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தி இழுத்து வாசிக்கும் கைப்பெட்டியாகச் சுருக்கினர். நாடக மேடை மட்டும் கால் பெட்டியை விடவில்லை. துருத்தி வேலையைக் கால்கள் ஏற்றுக்கொள்வதால் இரண்டு கைகளும் கட்டைகளுக்குக் கிடைக்கின்றன என்பதே அதற்குக் காரணம். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் மூண்டு பாட்டு கைமாறிக்கொண்டே இருக்கும் வேளையில், இடக்கை ஒருவர் சுருதியைப் பிடித்திருக்க வலக்கை மற்றவர் மெட்டைத் துரத்துகிறது.

சுருதியைக் குறிக்கத் தமிழ்நாட்டில் வழங்கும் கட்டை என்ற சொல்லே இப்பெட்டியிலிருந்து வந்தது. வெள்ளைக் கட்டைகள் ஒன்று, இரண்டு என எண்ணப்பட, இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை எனப் பெயர் பெறுகின்றன. மூன்றாம் வெள்ளைக்கும் நான்காம் வெள்ளைக்கும் நடுவே கறுப்பு இல்லாததால் மூன்றரைக் கட்டை என்று ஒரு சுருதி இல்லை. ராஜபார்ட்டின் கட்டையும் ஸ்திரீபார்ட்டின் கட்டையும் ஒன்றாக அமைவது அரிது. எனவே வாங்குபவர் பெட்டியின் எல்லாக் கட்டைகளும் ஒரே வலிமையுடன் ஒலிக்கின்றனவா என்பதை முதலில் கேட்க வேண்டும்; நடுவிலுள்ள பன்னிரண்டு கட்டைகள் இனித்து, ஓரங்கள் ஊமையாகக் கிடக்கும் பெட்டி பஜனைக்கு உதவுமே தவிர நாடகத்துக்கு உதவாது.

பழைய கால் பெட்டிகளைத் தேடுபவர் மூன்று வகைகளைச் சந்திக்கக்கூடும். முதலாவது, பிரான்சு, ஜெர்மனி, இங்கிலாந்து ஆகிய நாடுகளில் செய்யப்பட்ட ஐரோப்பிய வகை. இது காற்றை அழுத்தி ரீடுகளின் வழியே வெளியே தள்ளுகிறது. ஒலி கணீரென்று திடல் முழுவதும் கேட்கும். எக்ஸ்பிரஷன் எனப்படும் ஸ்டாப்பை (காற்றின் வழியை மாற்றும் இழுகுமிழை) இழுத்தால் உள்துருத்தி விலகிவிட, மிதியின் அழுத்தத்துக்கேற்ப ஒலி ஏறி இறங்கும். பொதுவாக 61 கட்டைகள், அதாவது ஐந்து ஸ்தாயி கொண்டது. குறை அதன் எடை: இருவர் தூக்கினாலும் சிரமம், ஊர் ஊராகச் செல்லும் கலைஞர் இதை வாங்கினால் வண்டிச் சத்தத்துக்கே வருமானம் போய்விடும். பயிற்சிக் கூடத்திலோ சங்கக் கட்டடத்திலோ ஓரிடத்தில் நிலையாக வைப்பதற்கு இதைவிடச் சிறந்த பெட்டி இல்லை.

இரண்டாவது, எஸ்டி, மேசன் அண்ட் ஹாம்லின் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் செய்து, பெரும்பாலும் தேவாலயங்களுக்காக வாங்கப்பட்ட ரீடு ஆர்கன். இதன் துருத்தி காற்றை உள்ளே உறிஞ்சுகிறது. ரீடுகள் மரத்தில் வெட்டிய தனித்தனிப் பள்ளங்களில் செருகப்பட்டிருப்பதால், கொக்கி ஒன்றால் எந்த ரீடையும் திருகாணி கழற்றாமல் உருவி எடுத்துத் துடைக்கலாம். பழுதுபார்ப்பதற்கு இவ்வளவு எளிய அமைப்பு வேறில்லை. ஆயினும் ஒலி மென்மையானது. சுவருக்குள் பாடும் கூட்டத்துக்காகச் செய்யப்பட்ட அந்த மென்மை, மிருதங்கத்துக்கும் டோலக்குக்கும் நடுவே திறந்த வெளியில் அமுங்கிவிடும். விலை மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் இதை மேடைக்கு வாங்கலாகாது.

மூன்றாவது, கைப்பெட்டியின் ரீடு போர்டையே மிதியோடு கூடிய சட்டத்தின்மேல் ஏற்றி, மடித்துப் பெட்டியாக்கித் தூக்கிச் செல்லும்படி இந்தியாவில் செய்யப்பட்ட மடக்குக் கால் பெட்டி. மூன்றரை ஸ்தாயி அளவிலான கட்டைகளே இதில் இருக்கும். ஐரோப்பியப் பெட்டியின் ஆழ்ந்த கீழ்ஸ்தாயி இதில் இல்லை. எனினும் அருப்புக்கோட்டையில் இறங்கி, சிற்றுந்து பிடித்து, குண்டாற்றங்கரை ஊர் ஒன்றுக்கு மாலைக்குள் போய்ச் சேர வேண்டிய கலைஞருக்கு இதுவே சரியான பெட்டி என்று தயங்காமல் கூறலாம். இதில் தனியே கவனிக்க வேண்டியது மிதிக்கும் துருத்திக்கும் இடையிலுள்ள இணைப்பு: மடக்கி விரித்தே தேய்ந்த கீல்கள் கிறீச்சிடும், அக்கிறீச்சொலியை மேடை ஒலிவாங்கி பாட்டோடு சேர்த்து ஒலிபெருக்கியில் அனுப்பிவிடும்.

கைப்பெட்டிகளுள், ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு ரீடுகள் கொண்ட டபுள் ரீடு பெட்டி தொடக்க நிலைக் கலைஞருக்குப் போதுமானது. ஒரே விரலமைப்பை வைத்துக்கொண்டு கட்டைவரிசை முழுவதையும் பக்கவாட்டில் நகர்த்திச் சுருதி மாற்றும் ஸ்கேல் சேஞ்ச் பெட்டியைப் பழையதாக வாங்குவது இந்தக் கரிசல் நிலத்தில் உகந்ததன்று. நகரும் பாகங்களின் இடுக்குகளில் கரிசல் புழுதி படிந்து இறுகுகிறது. மேலும் நாடகப் பெட்டிக்காரருக்கு எந்தக் கட்டையிலும் வாசிக்கும் விரல்பழக்கம் இன்றியமையாதது, அதை இப்பெட்டி வளரவிடாது.

எவ்வகையாயினும் பெட்டியின் உயிர் ரீடு போர்டில் இருக்கிறது. பளபளக்கும் வார்னிஷ், சித்திர வேலைப்பாடு, புதிதாக ஒட்டிய துருத்தித் துணி ஆகிய எல்லாவற்றையும் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். மேல்பலகையைக் கழற்ற விற்பவர் இசையாவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. போர்டு வெளியே வந்ததும், பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு நாக்கையும் சாய்வாகப் பார்க்க வேண்டும். நாக்கின் நுனியைச் சுரண்டினால் எடை குறைந்து சுருதி ஏறும். தறைந்த அடிப்பகுதியைச் சுரண்டினால் விறைப்பு குறைந்து சுருதி இறங்கும். சுருதி சேர்ப்பவர் செய்யும் இச்சுரண்டல்கள் பழுத்த பித்தளையின்மேல் வெளிறிய கீற்றுகளாகத் தெரியும். இரண்டொரு கீற்று இயல்பு. நுனியிலும் அடியிலும் மாறி மாறிச் சுரண்டப்பட்டு நாக்கு தாள்போல் மெலிந்திருந்தால், அது கைதேராதவர் கையில் பலமுறை பட்டது என்பதற்கு அடையாளம். வரிசையில் ஒரே ஒரு ரீடு மட்டும் மற்றவற்றைவிட வெகுவாக இறங்கி ஒலித்தால், அதன் அடியில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கக்கூடும். அது விரைவில் ஒடிந்துவிடும், சுரண்டிச் சரிசெய்ய இயலாது.

‘ஜெர்மன் ரீடு’, ‘பாரிஸ் ரீடு’ என்ற சொற்கள் விற்பனையில் தாராளமாகப் புழங்குகின்றன. ஜூபிலேட், காஸ்ரியேல் முதலிய ஐரோப்பிய முத்திரைகள் கொண்ட ரீடுகளுக்கு மதிப்பு உண்டு. குஜராத்தின் பாலிதானா ஊரில் செய்யப்படும் ரீடுகளும் தரமானவை, அவற்றை இழிவாகக் கருத வேண்டியதில்லை. முத்திரையைவிட முக்கியமானது ஒருசீர்மை: ஒரு பெட்டியின் ரீடுகள் எல்லாம் ஒரே நிறம், ஒரே வெட்டு, ஒரே வயது உடையனவாக இருத்தல். 42 கட்டைகள் கொண்ட டபுள் ரீடு பெட்டியில் 84 ரீடுகள் உண்டு. அவற்றுள் எத்தனை மாற்றப்பட்டவை, இன்னும் எத்தனை மாற்றப்பட வேண்டியவை என்று எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுவதே முறையாகும்.

அடுத்தது காற்று. எந்தக் கட்டையையும் அழுத்தாமல், ஸ்டாப்புகளை மூடி, உள்துருத்தி நிறையும் வரை காற்றேற்றிவிட்டுக் கையை எடுத்து, ஒன்று முதல் இருபது வரை நிதானமாக எண்ண வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் துருத்தி முற்றிலும் அமர்ந்துவிட்டால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுக்கு துருத்தியின் ஆட்டுத்தோல் மூலைகளில் இருந்தால் செலவு சிறிது. பலகை பிளந்திருந்தால் பெரிது. பின்னர் ஸ்டாப்புகளைத் திறந்து மீண்டும் காற்றேற்ற, அழுத்தாத கட்டை ஏதேனும் தானாகக் கத்தினால், அதன் அடியிலுள்ள மூடியின் தோல் காய்ந்து விறைத்திருக்கலாம், வில் தளர்ந்திருக்கலாம், அல்லது மரம் கோணியிருக்கலாம். முதலிரண்டும் அரைநாள் வேலை.

மரம் கோணுவதற்கும் இந்நிலத்தின் இயல்புக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கடற்கரை நகரின் ஈரக்காற்றில் பல்லாண்டு இருந்த பெட்டி, சித்திரை வெயிலில் அனல் வீசும் கரிசல் காட்டுக்கு வந்ததும் ஈரம் வற்றிச் சுருங்குகிறது. கூட்டுவாய்கள் விலகுகின்றன, தோல் விறைக்கிறது. ஐப்பசி மழையில் அதே மரம் உப்பி, கட்டைகள் ஒன்றோடொன்று உரசி, அழுத்தியவை எழாமல் நிற்கின்றன. ஆகவே வெயில் காலத்தில் பார்க்கும் பெட்டியில் ஒழுக்கையும், மழைக்காலத்தில் பார்ப்பதில் கட்டை ஒட்டுதலையும் கூர்ந்து சோதிக்க வேண்டும். நாடகப் பருவம் முடிந்த ஆவணிக்குப் பிறகே பெட்டிகள் விலைக்கு வருகின்றன என்பதாலும், அப்போது விரிசல்கள் மழை ஈரத்தில் மூடிக்கொள்ளத் தொடங்கும் என்பதாலும், ரீடு போர்டின் பின்புறத்தை விரல் நகத்தால் தடவிப் பார்க்காமல் முன்பணம் கொடுத்தல் கூடாது. இதே மண்ணில் பல கோடைகளைக் கடந்து நிற்கும் பெட்டி, அழகில் குறைந்ததாயினும், தொலைவிலிருந்து வரும் அழகிய பெட்டியைவிட நம்பத்தக்கது. கரையான் மண்ணும் எலி கடித்த துருத்தியும் பார்த்தவுடன் தெரிபவை.

சுருதி அளவு பற்றிப் பலர் வீணாக அஞ்சுகின்றனர். பிரான்சு 1859இல் ஆறாம் கட்டைக்கு நொடிக்கு 435 அதிர்வுகள் என்று வகுத்தது. இன்றைய வழக்கு 440. இவ்வேறுபாடு அரைக்கட்டையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பழைய பெட்டி முழுவதும் ஒரே அளவில் இறங்கியிருப்பது குற்றமன்று. மிருதங்கத்தைச் சேர்த்துக்கொள்ளலாம், பக்கத்தில் மின்விசைக் கீபோர்டு இருந்தால் அதையும் இறக்கிக்கொள்ளலாம். இருபது அதிர்வு வேற்றுமை உள்ளதுபோல் பயந்து எல்லா நாக்குகளின் நுனிகளையும் சுரண்டி 440க்கு ஏற்றுவது, பெட்டியின் ஆயுளை வாங்கிய அன்றே குறைத்துவிடும் செயல். இந்த ஒரு தவற்றாலேயே நல்ல பெட்டிகள் பல கெட்டிருக்கின்றன என்பது வருந்தத்தக்கது. கட்டைக்குக் கட்டை ஏற்ற இறக்கம் இருந்தால் மட்டுமே சுருதி சேர்க்கும் வேலை தேவை. சுருதி அச்சத்தைப் போலவே, ஆர்மோனியத்தில் கமகம் வராது என்ற குறைகூறலும் பழையதுதான். அகில இந்திய வானொலி 1940 மார்ச் முதல் 1971 வரை இக்கருவியை விலக்கியே வைத்திருந்தது. அந்த முப்பது ஆண்டுகளிலும் நாடக மேடை இதைக் கைவிடவில்லை. அசைவையும் குழைவையும் குரல் பார்த்துக்கொள்ள, விழும் குரலைத் தாங்கும் தளமாகப் பெட்டி நின்றது.

பழைய ஐரோப்பியப் பெட்டிகளின் வெள்ளைக் கட்டைகளில் யானைத் தந்தத் தகடு ஒட்டப்பட்டிருக்கலாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் தந்த வணிகத்தைத் தடைசெய்வதால், மெல்லிய இழையோட்டம் தெரியும் கட்டைகளைக் கண்டால் விலகிவிடுவதே தக்கது. செல்லுலாய்டு தகட்டில் பெரும்பாலும் அந்த இழை இராது, பழுப்பு ஒரே சீராகப் படர்ந்திருக்கும்.

தேடும் இடங்களுள் மதுரைக் கடைகளில் பெட்டிகள் துடைத்து மெருகேற்றப்பட்டுக் கிடைக்கின்றன. அதனாலேயே அவற்றின் வரலாறு மறைந்துவிடுகிறது. தேவாலயங்களில் கிடைப்பவை நல்ல பராமரிப்பில் இருந்தவை, ஆனால் பெரும்பாலும் உறிஞ்சும் வகை. மறைந்த நாடக ஆர்மோனியக்காரர்களின் வீடுகளில் மூலையில் துணி போர்த்திக் கிடப்பவையே முதலில் பார்க்கத்தக்கவை: அப்பெட்டி எந்த மேடைகளில் வாசிக்கப்பட்டது, யார் சுருதி சேர்த்தார், கடைசியாக எப்போது திறக்கப்பட்டது என்பதெல்லாம் அவ்வீட்டாருக்குத் தெரியும். அங்கு விலை பேசும்போது அடாவடியாகக் குறைத்துக் கேட்பது தகாது. பெட்டியோடு ஒரு சிறு தகரடப்பாவும் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பெட்டிக்காரர்கள் மாற்று ரீடுகளையும் பித்தளைத் திருகாணிகளையும் தோல் துண்டுகளையும் அதில் சேர்த்து வைப்பது வழக்கம், அதே பெட்டியின் வயதும் வெட்டும் உடைய அந்த ரீடுகள் வேறெந்தக் கடையிலும் கிடைக்கமாட்டா.